பத்து மணிக்குச் சாப்பாடு, பன்னிரண்டரைக்குத் தூக்கம்: இதை மாற்ற விரும்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுத்து, பன்னிரண்டரை வரைக்கும் புரண்டுகொண்டே இருப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். தூக்கம் வரவில்லை என்று மெத்தையை மாற்றுகிறார்கள், ஏசி வாங்குகிறார்கள், போனைத் திட்டுகிறார்கள் (போனுக்கும் பங்கு உண்டுதான்), சிலர் மாத்திரை வரைக்கும் போய்விடுகிறார்கள், ஆனால் சாப்பிடும் நேரத்தை மட்டும் யாரும் தொடுவதில்லை. இங்கே அதைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறோம். இட்லியா சப்பாத்தியா என்ற கேள்வி அப்புறம். எத்தனை மணிக்கு என்பதுதான் முதலில். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இரவுச் சாப்பாட்டை முன்னால் கொண்டுவர நினைப்பவர்கள் பெரும்பாலும் இரவு எட்டு மணியோடு மல்லுக்கு நின்று, நாலு நாளில் விட்டுவிடுகிறார்கள். சரிசெய்ய வேண்டிய இடம் மாலை நாலரை மணி.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

உடம்பின் உள்வெப்பம் நாள் முழுக்க 37 டிகிரியில் அப்படியே நிற்பதில்லை. மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள் உச்சத்தைத் தொட்டு, அப்புறம் மெதுவாக இறங்கத் தொடங்கி, விடியற்காலை 4, 5 மணி வாக்கில் அடிமட்டத்துக்கு வந்து, நாம் எழுவதற்கு முன்பே மறுபடி ஏற ஆரம்பிக்கிறது. மொத்த ஏற்ற இறக்கமே சுமார் ஒரு டிகிரி செல்சியஸ்தான். ஆனால் தூக்கம் வருவது இந்த இறங்குமுகத்தில். உடம்பின் மையத்தில் இருக்கும் வெப்பம் வெளியேறியாக வேண்டும், அதற்காகக் கை கால்களின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, உள்ளங்கையும் உள்ளங்காலும் வெதுவெதுப்பாகின்றன. தூக்கம் சொக்கும் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். 1999-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்து ஆய்வாளர்கள் இதை அளந்தே காட்டினார்கள்: கை கால் வழியாக வெப்பம் எவ்வளவு நன்றாக வெளியேறுகிறதோ, தூக்கம் அவ்வளவு சீக்கிரம் வந்தது.

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். எதைச் சாப்பிட்டாலும் அதைச் செரிக்கவே உடம்பு கொஞ்சம் செலவழிக்கிறது, அந்தச் செலவு வெப்பமாக வெளிப்படுகிறது. பலவகையும் கலந்த சாப்பாட்டில் இது பத்து சதவீதம் வாக்கில் இருக்கும். புரதம் என்றால் 20 முதல் 30 சதவீதம், மாவுச்சத்து என்றால் 5 முதல் 10, கொழுப்பு என்றால் 3 சதவீதத்துக்குள். கொழுப்பு வெப்பத்தைக் குறைவாகத் தருகிறது என்று சந்தோஷப்பட வேண்டாம், அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. கெட்டியான ஒரு சாப்பாடு இரைப்பையை விட்டுப் போகச் சுமார் நாலு மணி நேரம் ஆகும், எண்ணெய் கூடினால் இன்னும் இழுக்கும். ஆகவே பத்து மணிக்கு மட்டன் சால்னாவோடு மூன்று புரோட்டா சாப்பிட்டால், கடையைச் சாத்தும் நேரத்தில் கல்யாண வீட்டு மளிகைச் சீட்டு வந்த கதைதான். உடம்பு சூட்டை இறக்க வேண்டிய நேரத்தில் உள்ளே அடுப்பை எரியவைக்கிறோம்.

வெப்பம் மட்டும் இல்லை. இருட்டியபின் மெலடோனின் சுரக்கிறது, அது தூக்கத்துக்கு உடம்பைத் தயார்செய்யும் சுரப்பு. அதே மெலடோனின் கணையத்திலிருந்து இன்சுலின் வருவதையும் கொஞ்சம் அடக்கி வைக்கிறது. 2022-இல் ஸ்பெயினில் 845 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஒரே இனிப்புக் கரைசலை வழக்கமான படுக்கை நேரத்துக்கு நாலு மணி நேரம் முன்பு ஒரு நாளும், ஒரு மணி நேரம் முன்பு ஒரு நாளும் கொடுத்துப் பார்த்தார்கள். தாமதமான நாளில் இன்சுலின் குறைந்து, ரத்தச் சர்க்கரை கூடியிருந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2020-இல் ஆரோக்கியமான 20 பேருக்கு ஒரே இரவுச் சாப்பாட்டை ஒரு நாள் மாலை 6 மணிக்கும் ஒரு நாள் இரவு 10 மணிக்கும் கொடுத்து, இரண்டு நாளும் 11 மணிக்குப் படுக்கவைத்தார்கள். பத்து மணிக்குச் சாப்பிட்ட நாளில் சர்க்கரையின் உச்சம் ஏறத்தாழ 20 சதவீதம் அதிகம், கொழுப்பு எரிவது 10 சதவீதம் குறைவு. ஆனால் அந்த ஆய்வில் அவர்களுடைய தூக்கத்தின் அமைப்பு பெரிதாக மாறவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். இருபத்தைந்து வயதில் படுத்ததும் தூங்கிவிடுகிறவருக்குத் தூக்கம் கெடவில்லை என்பதற்காக உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது, சர்க்கரைக் கணக்கு தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

எடை பற்றியும் ஒரு வார்த்தை. பாஸ்டனில் 2022-இல் 16 பேரிடம் நடந்த ஆய்வில், அதே சாப்பாட்டை நாலு மணி நேரம் தள்ளிக் கொடுத்தபோது பசி கூடியது, விழித்திருக்கும் நேரத்தில் உடம்பு எரிக்கும் சக்தி குறைந்தது. அதே ஆண்டு ஸ்காட்லாந்தின் அபர்டீனில் வேறொரு ஆய்வு, காலையில் அதிகம் சாப்பிட்டாலும் இரவில் அதிகம் சாப்பிட்டாலும் எடை குறைவது ஒன்றுதான் என்று கண்டது. காலையில் அதிகம் சாப்பிட்டவர்களுக்குப் பசி குறைவாக இருந்தது, அவ்வளவுதான். ஆக, நேரத்தை மாற்றினால் மட்டும் தொப்பை கரைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பசி கட்டுக்குள் வரும், சர்க்கரை சீராகும், நெஞ்செரிச்சல் குறையும். என்னைக் கேட்டால் இவ்வளவுக்கே இந்த மாற்றத்தைச் செய்யலாம்.

படி 1: ஒரு வாரம் எழுதி வையுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

மூன்று விஷயம் போதும்: கடைசி வாய் எத்தனை மணிக்கு, படுத்தது எத்தனை மணிக்கு, காலையில் எழுந்ததும் பசி இருந்ததா. கடைசி வாய் என்றால் நிஜமாகவே கடைசி. சாப்பிட்டு முடித்தபின் டிவி முன்னால் உட்கார்ந்து கொறித்த மிக்சர், பத்தரைக்குக் குடித்த சர்க்கரை போட்ட பால், பிள்ளை தட்டில் மிச்சம் வைத்ததை வீணாக்க மனமில்லாமல் வாயில் போட்டுக்கொண்டது, எல்லாம் கணக்கில் வரும். தண்ணீர் வராது. பலருக்கு இந்த ஒரு வாரத்திலேயே விஷயம் புரிந்துவிடும், ஏனென்றால் எட்டரைக்குச் சாப்பிட்டு முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவர்களின் வாய் பதினொன்று வரை ஓடிக்கொண்டிருக்கும். காலைப் பசி முக்கியமான அடையாளம். எழுந்து இரண்டு மணி நேரமாகியும் பசியே எடுக்கவில்லை என்றால் முந்தின இரவின் பாரம் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

படி 2: படுக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஏழு மணிக்குச் சாப்பிடு, சூரியன் மறையும் முன் சாப்பிடு என்பதெல்லாம் எல்லோருக்கும் பொருந்தாது. தமிழ்ச் சமணக் குடும்பங்களில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கும் வழக்கம் உண்டு, அது கொல்லாமைக்காக வந்த நோன்பு, அவர்களுடைய அன்றாடமே அதைச் சுற்றி அமைந்தது. நமக்கு எளிய கணக்கு போதும்: படுக்கும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு கடைசி வாய். பத்தரைக்குப் படுப்பவருக்கு ஏழரை, பதினொன்றுக்குப் படுப்பவருக்கு எட்டு. இந்த மூன்று மணி நேரத்துக்கு நெஞ்செரிச்சல்காரர்கள் கூடுதல் மரியாதை கொடுக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்குள் படுத்துவிடுகிறவர்களுக்கு அமிலம் மேலே வரும் தொல்லை அதிகம் என்று ஜப்பானில் 2005-இல் வந்த ஆய்வு காட்டியது.

ஒரே நாளில் பத்திலிருந்து ஏழரைக்குத் தாவாதீர்கள். மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை இருபது நிமிடம் முன்னால் நகர்த்துங்கள். கல்லீரல், கணையம், கொழுப்புத் திசு இவற்றுக்கெல்லாம் சொந்தக் கடிகாரம் உண்டு, அவை வெளிச்சத்தைவிடச் சாப்பாட்டைப் பார்த்துத்தான் மணியைத் திருத்திக்கொள்கின்றன. 2017-இல் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் சாப்பாட்டை ஐந்து மணி நேரம் தள்ளிக் கொடுத்தபோது ரத்தச் சர்க்கரையின் தாளம் ஏறத்தாழ அதே அளவு தள்ளிப்போனது, மூளையின் கடிகாரமோ அசையவில்லை. அதனால்தான் வாரத்தில் ஐந்து நாள் ஏழரைக்கும் சனி ஞாயிறு பதினொன்றுக்கும் சாப்பிட்டால் திங்கட்கிழமை வயிறு குழம்பிக் கிடக்கிறது.

மூன்று மணி நேரம் முடியவே முடியாது என்றால் இரண்டு. இரண்டு மணி நேரம், ஒன்றைவிட நிச்சயம் மேல்.

படி 3: மாலையைச் சரிசெய்யுங்கள்

இங்கேதான் எல்லாம் தங்கியிருக்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரவுச் சாப்பாடு தள்ளிப்போகிறவர்கள் இரண்டு வகை.

முதல் வகை, ஆறு மணிக்கு வாழைக்காய் பஜ்ஜி, சமோசா, அதோடு ஒரு காபி. பசி ஒன்பதரைக்கு முன் எட்டிப் பார்க்காது. இவர்கள் இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்கு வைத்தால் பசியே இல்லாமல் கடனுக்குச் சாப்பிட்டுவிட்டு, பதினொன்றுக்கு மறுபடி எதையாவது தேடுவார்கள். செய்ய வேண்டியது, மாலை டிபனை நாலு மணிக்கு, தாமதமானால் நாலரைக்கு நகர்த்துவது, அளவையும் குறைப்பது. ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, பொரிகடலை, ஒரு கொய்யா, இந்த அளவு. ஏழரைக்கு நல்ல பசி எடுக்கும். பசி தானாக வரும் நேரத்தை நகர்த்திவிட்டால் மனவுறுதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவது வகை, மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டதோடு சரி, நடுவில் வெறும் டீ, அப்புறம் டிராபிக்கில் மாட்டி எட்டே முக்காலுக்கு வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றும்போதே பசி கண்ணை மறைக்க, குளித்துவிட்டு ஒன்பதரைக்கு ஒரு மலையைச் சாப்பிடுகிறவர்கள். இவர்களிடம் ஏழரைக்குச் சாப்பிடுங்கள் என்று சொல்வது அநியாயம். இவர்களுக்கு நான் சொல்வது, இரவுச் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். பெரிய பங்கை ஆபீஸிலேயோ கடையிலேயோ ஆறரைக்குச் சாப்பிட்டு முடித்துவிடுவது. காலையில் மதியச் சாப்பாடு கட்டும்போதே இன்னொரு சின்ன டப்பா: நல்லெண்ணெயில் புரட்டிய பொடி இட்லி நாலு, அல்லது பொடி தடவிச் சுருட்டிய சப்பாத்தி. சட்னி, சாம்பார், தேங்காய் சேர்த்தது எதுவும் வேண்டாம், மாலைக்குள் ஊசிவிடும். பொடி இட்லி ரயில் பயணத்துக்கே தாங்கும். வீட்டுக்கு வந்தபின் ஒரு டம்ளர் ரசம், அல்லது மோர், அல்லது அரைக் கரண்டி சாதத்தோடு கொஞ்சம் காய். குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்ட மாதிரியும் ஆயிற்று, வயிறும் கனக்காது. ஒரு வாரம் செய்து பாருங்கள், கூட வேலை செய்கிறவர்கள் முதலில் கேலி செய்வார்கள், பிறகு இட்லி கேட்பார்கள்.

மாலைக் காபி, டீக்கும் எல்லை வேண்டும். காபியிலிருக்கும் கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போக ஐந்தாறு மணி நேரம் ஆகிறது. 400 மில்லிகிராம் கஃபீனைப் படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்பு கொடுத்தபோதுகூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததாக 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. அது ஒரு டம்ளர் பில்டர் காபியைவிட மிக அதிகமான அளவு, உண்மைதான், ஆனாலும் தூக்கம் வராதவர்கள் மூன்று மணிக்கு மேல் காபியை விட்டுவிடுவது நல்லது.

படி 4: கனமான சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றுங்கள்

பிரியாணி, கறிக்குழம்பு, புரோட்டா இவற்றையெல்லாம் விடச் சொல்லவில்லை, இடம் மாற்றச் சொல்கிறேன். ஒரு மணிக்குச் சாப்பிட்ட பிரியாணிக்கு இன்சுலின் தயாராக இருக்கிறது, படுக்கப் பத்து மணி நேரம் இருக்கிறது. காலையில் பசி வரத் தொடங்கியதும் காலை டிபனையும் தவிர்க்காமல் சாப்பிடுங்கள். காலையும் மதியமும் நிறைந்தால் இரவு தானாகச் சுருங்கும்.

படி 5: இரவுத் தட்டு

இரவில் சாதம் சாப்பிடக் கூடாது என்ற பயம் பலருக்கு. சிட்னியில் 2007-இல் ஆரோக்கியமான இளைஞர்களுக்கு மல்லிகை அரிசிச் சோற்றைப் படுக்கைக்கு நாலு மணி நேரம் முன்பு கொடுத்தபோது சராசரியாக 9 நிமிடத்தில் தூங்கினார்கள். மெதுவாகச் செரிக்கும் வேறு அரிசியைச் சாப்பிட்ட நாளில் 17.5 நிமிடம் ஆனது. அதே மல்லிகை அரிசியை ஒரு மணி நேரம் முன்பு கொடுத்தபோது 14.6 நிமிடம். சோறு அதே சோறுதான், நேரம்தான் வேறு. சர்க்கரை நோய் இல்லாதவர்கள் ரசம் சாதமோ இட்லியோ அளவோடு, நேரத்தோடு சாப்பிட்டால் பயப்பட ஒன்றும் இல்லை. சர்க்கரை இருப்பவர்கள் இந்த ஆய்வைக் காட்டிச் சோற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டாம்.

காரத்தைக் குறையுங்கள். 1992-இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் இளைஞர்களுக்கு இரவுச் சாப்பாட்டோடு மிளகாய் சாஸும் கடுகும் கொடுத்தார்கள்; தூக்கம் வரத் தாமதமானது, ஆழ்ந்த தூக்கம் குறைந்தது, முதல் தூக்கச் சுற்றில் உடல் வெப்பம் கூடியிருந்தது. கார சட்னியை இரவில் ஒரு ஸ்பூனோடு நிறுத்திக்கொள்ளலாம். தயிர் குளிர்ச்சி, முட்டை சூடு என்று வீட்டில் சொல்வது தெர்மாமீட்டரில் தெரியும் சூடு இல்லை, அதைப் போட்டு இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தயிர் ஒத்துக்கொள்பவர் சாப்பிடலாம்.

மது குடிப்பவர்களுக்கு ஒன்று: சீக்கிரம் தூங்கவைத்துவிட்டுப் பின்னிரவில் எழுப்பிவிடும். இரவு மூன்று மணிக்கு வேர்த்து விழிப்பவர்கள் இதை யோசிக்கட்டும்.

படி 6: சாப்பிட்டபின், படுக்கும் வரை

பதினைந்து நிமிடம் மெதுவாக நடங்கள், மொட்டை மாடியே போதும். படுக்க ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தால் தோலுக்கு ரத்தம் வந்து உள்வெப்பம் வெளியே போகும், தூக்கம் சுமார் பத்து நிமிடம் முன்னால் வரும் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் 2019-இல் சொன்னார்கள். குளிக்க முடியாவிட்டால் கால்களை மட்டுமாவது வெந்நீரில் கழுவுங்கள். படுக்கையறையை 18 டிகிரியில் வைக்கச் சொல்லும் குறிப்புகள் குளிர் நாட்டுக்காரர்களுக்காக எழுதியவை. மே மாதச் சென்னையில் நள்ளிரவிலும் 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு, வியர்வையும் காயாது. மெல்லிய பருத்தித் துணி, உடம்பில் நேராகப் படும் பேன் காற்று, எதிரெதிர் ஜன்னலைத் திறந்து வைப்பது, இவ்வளவு போதும். வெளியே காற்றே உதவாத காலத்தில் வயிற்றையாவது இலேசாக வைத்துக்கொள்வது இன்னும் அவசியம். நெஞ்செரிச்சல் இருந்தால் இடது பக்கமாகப் படுங்கள்.

படி 7: வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவரைக் கவனியுங்கள்

இதை யாரும் எழுதுவதில்லை, எனக்கு இதுதான் மனதை உறுத்துகிறது. எட்டு மணிக்குப் பிள்ளைகளுக்குத் தோசை, எட்டரைக்கு மாமனார் மாமியாருக்கு, ஒன்பதரைக்குக் கணவருக்கு, பத்து மணிக்கு அடுப்பைத் துடைத்துவிட்டுத்தான் அம்மா தட்டை எடுக்கிறார். காலையில் முதலில் எழுவதும் அவரே. வீட்டிலேயே மிகக் குறைந்த தூக்கமும் மிகத் தாமதமான சாப்பாடும் ஒரே ஆளுக்கு விழுகிறது. அவருக்குச் சர்க்கரை வந்தபின் மருத்துவரிடம் கூட்டிப்போவதைவிட, எல்லோரும் எட்டு மணிக்கு ஒன்றாக உட்காருவது சுலபம். ஆளுக்கொரு நேரத்தில் சூடாக வார்க்க வேண்டிய தோசையை வார நாட்களில் குறைத்து, ஒரே ஈடில் வேகும் இட்லி, இடியாப்பம், கிச்சடி என்று மாற்றுங்கள். தாமதமாக வருபவர் தானே எடுத்துப் போட்டுச் சாப்பிடட்டும்.

கல்யாணம், திருவிழா, ஊர்ப் பயணம் வரும் நாட்களில் கணக்குப் பார்க்காதீர்கள். மறுநாள் பழைய நேரத்துக்குத் திரும்பினால் சரி.

யார் தானாகச் செய்யக் கூடாது

இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரவுச் சாப்பாட்டை நகர்த்தவோ குறைக்கவோ கூடாது. மருந்தின் நேரமும் அளவும் சாப்பாட்டோடு சேர்த்துக் கணக்கிடப்பட்டவை. நடுராத்திரியில் சர்க்கரை இறங்கினால் ஆபத்து. கர்ப்பிணிகளும் மெலிந்த முதியவர்களும் நீண்ட நேரம் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டாம், பசித்தால் படுக்கும் முன் சின்னதாக ஏதாவது சாப்பிடலாம். ரமலான் நோன்பு நாட்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. மூன்று நாலு வாரம் நேரத்தைச் சரியாக வைத்தும் தூக்கம் வரவில்லை, அல்லது பெருங்குறட்டையும் பகலில் தாளாத தூக்கமும் இருக்கிறது என்றால் சாப்பாட்டை நோண்டிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். செவிலியர், காவலாளி, அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கும் ஐடிக்காரர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்விதான். 2021-இல் 19 பேரை வைத்து இரவு வேலை போன்ற ஏற்பாட்டில் ஆராய்ந்தபோது, இரவிலும் சாப்பிட்டவர்களின் ரத்தச் சர்க்கரை 6.4 சதவீதம் கூடியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. ஆகவே வேலைக்குக் கிளம்பும் முன் ஏழு மணி வாக்கில் முழுச் சாப்பாடு. இரவு ஒரு மணி கேன்டீன் பிரியாணியை விட்டுவிட்டு, பசி தாங்காவிட்டால் மட்டும் மோர், ஒரு பழம், கொஞ்சம் கடலை. காலையில் வீட்டுக்கு வந்ததும் இரண்டு மூன்று இட்லி, அதற்குமேல் வேண்டாம், வெளிச்சம் புகாமல் திரையை இழுத்துவிட்டுப் படுங்கள். எழுந்தபின் மதியச் சாப்பாட்டை நன்றாகச் சாப்பிடலாம்.